படிக்காசும் பண்ணிசையும்

(திருக்குட நன்னீராட்டு விழாச் சொற்பொழிவு)



திருக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழும் நாள் ஊரார் அனைவர்க்கும் பெருநாளாகும். பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை செய்தற்குரிய இத்திருப்பணி நிறைவேறுவதற்குள் எத்தனையோ இடையூறுகள் வந்து நீங்குகின்றன. பாலாலயம் செய்த நாள் முதலாகப் பொருள் தேடி அலைந்தோர் பலர். கல்லும் சுண்ணமும் சுமந்தோர் பலர். விமானத்தில் ஏறி வண்ணம் தீட்டியோர் பலர். அவர்தம் உழைப்பெல்லாம் கலசத்தின்மேல் புனிதநீர் விழும் அந்த ஒரு நாழிகையில் பயன்பெறுகின்றது. விழா மலரின் இறுதிப் பக்கங்களில் அச்சாகும் நன்கொடையாளர் பெயர்வரிசை வெறுங் கணக்கன்று. அஃது ஓர் ஊரின் அன்பு எழுதிய சாசனம்.

எந்த ஊர் மலராயினும் அப்பெயர்வரிசையை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கோபுரத்திற்குக் கொடுத்தார் உளர். கலசத்திற்குக் கொடுத்தார் உளர். கதவுக்கும், வெள்ளிக் கவசத்திற்கும், மின்விளக்கிற்கும், அன்னம்பாலிப்பிற்கும் கொடுத்தார் உளர். ஓதுவார்க்கு என்று கொடுத்தார் பெயரை மட்டும் பெரும்பாலும் தேடித்தான் காணவேண்டும். வேள்விச்சாலையில் திருமுறை விண்ணப்பிப்பார்க்கும், நாகசுரமும் தவிலும் இசைப்பார்க்கும் விழாவன்று சம்பாவனை உண்டு. மண்டல பூசை 48 நாளும் ஒருவாறு நடந்தேறும். நாற்பத்தொன்பதாம் நாட் காலையில் இறைவன் திருமுன் நின்று பாடுபவர் யார்? அவர் இல்லத்தில் அடுப்பு எரிதற்கு வழி யாது? இவ்விரு வினாக்களுமே இன்றைய பேச்சின் பொருள்.

அம்மாபேட்டை, நெசவாளர் பெருமக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஊர். வெண்பட்டு வேட்டிக்குப் பெயர்பெற்ற சேலத்தில் தறிக்குழியின் அருமை அறிந்த தெருக்கள் இவ்வூர்த் தெருக்கள். நூல்விலை ஏறுங்காலம், நெய்த துணி விலைபோகாது தேங்குங்காலம், விசைத்தறியின் போட்டி நெருக்குங்காலம் ஆகிய யாவற்றையும் இவ்வூரார் கண்டவர். அத்தகைய காலங்களில் முதலிற் குறைவது தருமச் செலவு. தருமச் செலவினுள்ளும் முதலிற் குறைவது இசைக்கும் கூத்துக்கும் கொடுப்பது. “சோற்றுக்கே வழியில்லாதபோது பாட்டு எதற்கு?” என்று கேட்பார் உளர். இது பழிக்கத்தக்க கேள்வியன்று. பசியறிந்தவர் கேட்கும் நேர்மையான கேள்வி. ஆதலின் விடையும் நேர்மையாக அமைதல் வேண்டும். அவ்விடையைச் சேக்கிழார் பெருமான் ஒரு பஞ்சத்தின் வரலாற்றில் வைத்துக் காட்டியருளினார்.

திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்தது. வயல் காய்ந்தது, உயிர்கள் வருந்தின. அடியார் கூட்டம் வாடுவது கண்டு இரு பெருமக்களும் உளம் நொந்தனர். அவ்விரவு இறைவன் கனவில் தோன்றி, பஞ்சம் தீருங்காறும் நாள்தோறும் ஒவ்வொரு காசு அளிப்போம் என்று அருள்செய்தான். அவ்வாறே கிழக்குப் பலிபீடத்தில் சம்பந்தருக்கும், மேற்குப் பலிபீடத்தில் அப்பருக்கும் காசு வைக்கப்பெற்றது. இரு திருமடங்களிலும் அக்காசு கொண்டு அரிசியும் பிறவும் வாங்கி அமுது ஆக்கினர். அடியார் அனைவரும் வந்து உண்க என்று பறையறைந்து அறிவித்தனர். மழை பெய்து நாடு செழிக்குமளவும் அந்த அன்னசாலைகள் நடந்தன.

இவ்வரலாற்றில் நுண்ணிதாக நோக்கற்பாலன சில உள. பஞ்ச காலத்தில் இறைவன் பொருள் அளித்தது யாரிடம்? பாடுவார் இருவரிடம். அவர்கள் அப்பொருளை என்செய்தனர்? ஊருக்கே சோறாக்கினர். பாட்டுக்கு இட்டது சோற்றைக் குறைக்கும் என்னும் எண்ணம் இங்கே அடியோடு வீழ்கின்றது. பாடுவாரைத் தாங்கிய கை அவர்வழியே ஊரையும் தாங்கிற்று. மேலும், இறைவன் பொற்குவியலை ஒருநாளிற் கொட்டிவிடவில்லை. நாளுக்கு ஒரு காசு வைத்தான். ஆகவே அது படிக்காசு எனப்பட்டது. பசி நாள்தோறும் வருவது. ஆதலின் கொடையும் நாள்தோறும் வரவேண்டும்.

இன்னும் ஒன்று. சம்பந்தர் மடத்தில் அமுது ஆக்குதற்குச் சற்றே காலம் தாழ்த்தது. காரணம் வினவியபோது, அவர் பெற்ற காசுக்குக் கடைவீதியில் வாசி என்னும் வட்டம் பிடித்துக்கொள்கின்றனர் என்பதும், அப்பர் பெற்ற காசு வாசியின்றிச் செல்கின்றது என்பதும் தெரியவந்தன. அப்பர் கையால் உழவாரத் தொண்டு புரிபவர். அத்தொண்டின் சிறப்பே அக்காசுக்கு மாற்றுக் குறையாமை தந்தது. சம்பந்தர் பதிகம் பாடி வேண்ட, அவர்க்கும் வாசி தீர்ந்த காசு கிடைத்தது. கொடையாளர் இதனைத் தம் உள்ளத்தில் எழுதிக்கொள்ளல் தகும். கொடுத்த தொகை ஒன்று. பாடுவார் கையில் சேரும் தொகை ஒன்று. இடையிலே கழிவு, தவணை, காலத்தாழ்வு என்று எத்தனையோ வாசிகள் பிடிக்கப்படுகின்றன. காலத்தால் தாழ்ந்து வந்த சம்பளமும் வாசி பிடித்த காசேயாகும்.

அரிசிற்கரைப்புத்தூரில் வழிபாடு செய்த புகழ்த்துணை நாயனார் வரலாறும் இவ்வாறே பஞ்சத்தில் நிகழ்ந்தது. பசியால் மெலிந்த அவர், திருமஞ்சனக் குடத்தைத் தாங்கமாட்டாது இறைவன் திருமுடிமேல் வீழ்த்தி அயர்ந்தார். அதனைக் குற்றமாகக் கொள்ளாது, பஞ்சம் நீங்குமளவும் நாளும் ஒரு காசு அளித்தான் இறைவன். கோயிலுள் தொண்டு செய்வான் ஒருவன் பசியால் தளர்ந்தால் அப்பழி அவனுடையதன்று என்பதை இதனினும் தெளிவாக உரைக்க இயலுமோ?

மதுரைப் பாணபத்திரர் வரலாறோ வேறொரு நுட்பத்தை உணர்த்துகின்றது. யாழிசை வல்ல அவர்க்கு ஆலவாய்ப் பெருமான் பாண்டியன் கருவூலத்துப் பொருளை நாளும் எடுத்து அளித்து வந்தான் என்றும், அது தொடர்ந்தால் கருவூலங் காப்பார்மேல் பழி விழும் என்று பின்னர் அதனை நிறுத்தினான் என்றும் திருவிளையாடற் புராணம் கூறும். நிறுத்தியதோடு கைவிட்டானல்லன். சேரமான் பெருமாளுக்குத் தானே திருமுகம் வரைந்து, இப்பாணர்க்கு வேண்டும் பொருள் அளித்து விடுக்க என்று பணித்தான். அத்திருமுகமே பதினோராந் திருமுறையின் முதற்கண் வைக்கப்பெற்றுள்ளது. இசைவாணன் ஒருவனுக்காக எழுதப்பெற்ற பரிந்துரைக் கடிதம் ஒன்று திருமுறையாகப் போற்றப்படுவது சைவத்தின் தனிப் பெருமை. சேரமான் தன் செல்வம் முழுவதையும் முன்வைத்தபோது பாணர் தமக்கு வேண்டும் அளவே பெற்றுக்கொண்டார் என்பதும் உன்னற்பாலது. ஊர்ப்பொருளை எடுப்பார்க்குக் கணக்கு வேண்டும். ஒரு கருவூலம் இயலாதபோது மற்றொரு கருவூலத்தின் கதவு திறக்கவேண்டும். பெறுவார்க்கு அளவு வேண்டும். கலைக்குக் கொடுக்கும் அறம் முழுவதும் இம்மூன்றினுள் அடங்கும்.

புராணங்கள் கூறிய இவ்வறத்தை அரசு ஆணையாகக் கல்லில் வெட்டியவன் முதலாம் இராசராச சோழன். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் ஆக 50 பேரை அவன் அமைத்தான். இக்கல்வெட்டு அவனது 29ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. அஃதாவது 1014ஆம் ஆண்டை ஒட்டியது. ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு நெல் முக்குறுணி. அதனை ஆடவல்லான் என்னும் மரக்காலால் கோயிலின் உள்ளூர்ப் பண்டாரத்திலிருந்து அளக்க ஆணையிட்டான். 50 பேர்க்கு நாள் ஒன்றுக்கு 150 குறுணி. 12 குறுணி கொண்டது ஒரு கலமாதலின் அது 12½ கலம். ஓராண்டுக்கு ஏறத்தாழ 4,560 கலம்.

இத்தொகையின் பெருமையினும் அதன் அமைப்பின் நுண்மையே வியக்கத்தக்கது. பாடுவார் ஒருவர் இறந்தாலும் ஊர்விட்டுப் போனாலும் அவர்க்கு அணுக்கமான உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். உறவினரே இல்லையாயின் ஏனைய பாடுவார் கூடித் தக்கார் ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என அக்கல்வெட்டு வகுத்துள்ளது. தகுதியை விட்டுக்கொடாமலும் இடத்தை வெற்றிடமாக விடாமலும் காத்த இம்முறை, ஆயிரம் ஆண்டுகட்கு முன் எழுந்தது. தெரிவைப் பாடுவார் கையிலேயே ஒப்புவித்ததும் அறிவுடைமையாகும்.

சோழர் காலத்துத் திருவாமாத்தூர்க் கல்வெட்டொன்று, திருப்பதியம் பாடக் கண்பார்வையற்றோர் 16 பேரையும், அவர்க்கு வழிகாட்ட இருவரையும் அமைத்த செய்தியைக் கூறுகின்றது. பாட்டுக்கு இட்ட கட்டளை அங்கே ஆதரவற்றோர்க்கு வாழ்வும் ஆயிற்று. வழிகாட்டுவார்க்கும் பங்கு ஒதுக்கிய அருளுள்ளம் போற்றற்குரியது.

கோயிற் பொருள் கோயிலுக்கே என்று பூட்டி வைக்கப்படவுமில்லை. 1054ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பகுதியிலுள்ள ஆலங்குடியில் பஞ்சம் வந்தபோது, ஊரார் கோயிற் பண்டாரத்துப் பொன்னையும் வெள்ளியையும் கடனாகப் பெற்று இடர் தீர்ந்தனர். நல்ல காலத்தில் ஊர் கோயிலைக் காத்தது. தீய காலத்தில் கோயில் ஊரைக் காத்தது.

பாடுவாரைக் காவாதொழிந்தால் விளைவது யாது என்பதற்கும் சான்று உண்டு. தில்லையில் திருக்காப்பிட்டுக் கிடந்த தேவார ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் கண்டபோது, அவற்றுட் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. எஞ்சிய பதிகங்கட்கும் பண் இன்னதெனத் தெரியவில்லை. அப்போது திருஎருக்கத்தம்புலியூரில், சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கண்டு, அவர்வாயிலாகப் பண்களை அமைத்துக்கொண்டனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். ஏட்டைக் கறையான் தின்றது. பண்ணை ஒரு பெண்மணியின் நெஞ்சம் காத்தது. அம்மரபு ஒரு பஞ்சத்தில் அற்றுப்போயிருந்தால் இன்று தேவாரம் இருந்திருக்கும்; தேவார இசை இருந்திராது. கோபுரம் இடிந்தால் மறுபடியும் கட்டலாம். கல் மலையில் இருக்கின்றது. பாடத் தெரிந்த கடைசி ஒருவர் பாடுதலை விட்டொழிந்தால் அதனை எம்மலையிலிருந்து வெட்டியெடுப்பது?

அன்பர்களே! சோழர்க்குப் பின்னர் நாயக்கரும், மராட்டியரும், பாளையக்காரரும், சமீன்தாரும், திருமடங்களும் இப்பொறுப்பை ஏற்றனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், அவர்தம் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையரும் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலிலே தமிழ் வளர்த்தமை யாவரும் அறிந்தது. தருமபுர ஆதீனத்தின் நிழலில் தேவார இசை தழைத்தமையும் அத்தகையதே. இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னர் புலவர்க்கும் இசைவாணர்க்கும் வரையாது வழங்கினார். 1893ஆம் ஆண்டில் விவேகானந்த அடிகளின் அமெரிக்கப் பயணத்திற்குத் துணைநின்றவரும் அவரே. ஆனால் சமீன் கடனில் ஆழ்ந்தது. 1903ஆம் ஆண்டில் இளமையிலேயே அவர் மறைந்தார். அதே சேதுநாட்டுப் பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் மதுரையில் நிறுவிய தமிழ்ச்சங்கமோ அவர் காலத்திற்குப் பின்னும் நிலைத்தது. ஒருவர் கையிலுள்ள கொடை அவர் வாழ்நாளோடு ஒடுங்கும். நிறுவனமாக்கிய கொடை நின்று பயன்தரும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்கள் ஒழிந்தன. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிறு இனாம் முறையும் மாறிற்று. உழுவார்க்கு நிலவுரிமை கிடைத்தது நீதியே. எனினும், நாகசுரக்காரர்க்கும் ஓதுவார்க்கும் விடப்பட்டிருந்த ஊழிய மானியங்களின் பழைய அமைப்பும் அதனோடு குலைந்தது. பழைய கை விலகிய இடத்தில் புதிய கை வந்து சேர்தல் வேண்டியதாயிற்று.

இடர்க்காலத்தில் அத்தகைய புதிய கை எழுந்ததற்கு இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் நற்சான்று தமிழிசை இயக்கம். உலகெங்கும் வணிகம் நொடிக்கத் தொடங்கிய 1929ஆம் ஆண்டிலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இசைக்கல்லூரியும் அண்ணாமலைச் செட்டியார் கொடையால் எழுந்தன. 1941ஆம் ஆண்டில் அங்கே தமிழிசை மாநாடு கூடிற்று. 1942ஆம் ஆண்டில் பர்மா சப்பானியர் கைப்பட்டது. தலைமுறைகளாக அங்கே பொருளீட்டிய நகரத்தார் பலர் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பினர். போரும் அரிசித் தட்டும் மக்களை வாட்டிய 1943ஆம் ஆண்டிலேதான் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. செட்டியார் 1948ஆம் ஆண்டில் மறைந்தார், சங்கம் மறையவில்லை. 1949ஆம் ஆண்டு முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை அது நடத்திவந்தது. 1952ஆம் ஆண்டில் அண்ணாமலை மன்றம் எழுந்தது. வளம் மிக்கபின் கலையைக் கவனிப்போம் என்று அன்று காத்திருந்தார்களாயின், அக்கலையைக் கவனிக்க ஆள் இருந்திரார்.

மேலைநாட்டாரும் இதனை உணர்ந்தனர். பெரும் பொருளாதார வீழ்ச்சியால் வேலையற்றோர் பெருகிய 1935ஆம் ஆண்டில், அமெரிக்க அரசு பாலமும் சாலையும் அமைக்கும் வேலைகளோடு இசைவாணர், ஓவியர், நாடகக் கலைஞர், எழுத்தாளர் ஆகியோர்க்கும் தம் தொழிலிலேயே வேலை தந்தது. இலண்டன்மீது குண்டு விழுந்த 1940ஆம் ஆண்டில் பிரித்தானியர் இசைக்கும் கலைக்கும் ஊக்கம் தரும் கழகம் ஒன்றை நிறுவினர்; அதுவே போருக்குப்பின் 1946ஆம் ஆண்டில் கலைக்கழகமாக நிலைபெற்றது. போர் முடியட்டும் என்று அவரும் காத்திருக்கவில்லை.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. நெசவாளர் பெருமக்கள் தம் வாழ்விலேயே இதற்குச் சான்று காணலாம். அதே 1935ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர்க்காகத் தலைமைக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அதுவே இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவது. 1953ஆம் ஆண்டில் இந்திய அரசு ஆலைத்துணிக்குக் கெஜம் ஒன்றுக்கு 3 பை வீதம் தீர்வை விதித்து, அப்பொருளைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட்டது. நாட்டார் அனைவரும் அணிந்த துணியில் 3 பை எடுத்துத் தறிக்கலை காக்கப்பட்டது. கைத்திறன் ஒன்று தன் விலையால் மட்டும் வாழ இயலாதபோது ஊர்கூடித் தாங்கவேண்டும் என்பதை நெசவாளர்க்கு வேறொருவர் சொல்லவேண்டுவதில்லை. அவர் முன்னோரும் அவ்வறத்தைச் செய்தவரே. தறிக்கு இவ்வளவு என்று விதித்த தறியிறை பண்டைநாளிற் பல கோயில்கட்குச் சேர்ந்ததைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. சிறு சிறு இழைகள் சேர்ந்தே ஆடையாகின்றது. சிறு சிறு பங்குகள் சேர்ந்தே கட்டளையாகின்றது.

குடியரசு ஏற்பட்டபின் அரசும் தன் கடமையை மேற்கொண்டது. 1953ஆம் ஆண்டில் புதுதில்லியில் சங்கீத நாடக அகாதெமியும், 1955ஆம் ஆண்டில் சென்னையில் மாநிலச் சங்கீத நாடக சங்கமும் தோன்றின. பின்னது இன்று இயல் இசை நாடக மன்றமாகத் திகழ்கின்றது. மாவட்டங்கள் பலவற்றில் அரசு இசைப்பள்ளிகள் அமைந்தன. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இந்து சமய அறநிலையத்துறை ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளை நடத்தி, மாணவர்க்கு ஊக்கத்தொகையும் வழங்குகின்றது.

ஆயினும் அரசின் கையொன்றே போதுமோ என்பதை 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய் சோதித்துக் காட்டியது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் அடைபட்ட பெருங்கோயில்கள் செப்டம்பர் முதல் நாளில்தான் அடியார்க்குத் திறந்தன. பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, ஆடிப் பண்டிகை ஆகிய யாவும் அவ்வடைப்பினுள் அகப்பட்டன. நாகசுரக்காரர்க்கும், தவிற்காரர்க்கும், கூத்தர்க்கும் ஓராண்டின் வருவாயை ஈட்டித்தரும் மாதங்கள் அவையே. சேலம் நகரத்தில் ஆடிமாதம் அம்மன் விழாவையொட்டி அன்பர்கள் தெய்வக்கோலம் புனைந்து வண்டிகளில் உலாவரும் வண்டி வேடிக்கை நடவாதபோது, ஒப்பனைக்காரரும் மேளக்காரரும் ஒருங்கே வருவாயிழந்தனர். நாமக்கல், தருமபுரிப் பக்கங்களில் விடியவிடியப் பாரதக் கூத்தாடுவோரும் அவ்வாறே. 2021ஆம் ஆண்டு சூன் மாதத்தில், நிலையான மாதச் சம்பளம் இல்லாத திருக்கோயில் அருச்சகர் முதலானோர்க்கு 4,000 ரூபாயும், 10 கிலோ அரிசியும், 15 வகை மளிகைப் பொருளும் அரசு அளித்தது. அவ்வுதவி நன்றியுடன் நினைத்தற்குரியது. எனினும் இடர்வந்தபின் ஒருமுறை அளிக்கும் பொருள் கரையேற்றும் கயிறேயன்றிக் குடியிருக்கும் வீடாகாது. அக்குடியிருப்பை ஊரார்தாம் அமைத்துத்தர வேண்டும்.

அஃது எவ்வாறு அமைதல் வேண்டும்? பெரியபுராணமும் பெரிய கோயிலும் காட்டிய வழியே போதும்.

முதலாவது, கொடை நாள் அளவாக அமைக. ஒரு தெருவில் நூறு குடும்பங்கள் நாளுக்கு ஒரு ரூபாய் வீதம் ஒதுக்கினால் மாதம் 3,000 ரூபாய். மூன்று தெருக்கள் சேரின் 9,000 ரூபாய். செல்வர் ஒருவர் ஒருநாளிற் கொடுக்கும் பெருந்தொகை பெருமைக்குரியது. அவர் தொழில் நொடித்தால் அது நின்றுவிடும். முந்நூறு வீட்டாரும் ஒருநாளில் நொடிவதில்லை.

இரண்டாவது, கட்டளையை நெல்விலையோடு பிணிக்க. இராசராசன் பொன்னால் அளவாது நெல்லால் அளந்தான். நெல் அன்றும் ஒருவன் பசியைத் தீர்த்தது. இன்றும் அவ்வளவே தீர்க்கும். அறுபது எழுபது ஆண்டுகட்கு முன் பெருந்தொகை என்று மகிழ்ந்து எழுதிவைத்த ரொக்கக் கட்டளைகள் பலவற்றின் வட்டி இன்று ஒரு வேளை நைவேத்தியத்திற்கும் காணாமை கண்கூடு. ஆதலின் ஆண்டுதோறும் அரிசி விலையை நோக்கித் தொகையை உயர்த்திக்கொள்ளும் விதி கட்டளைச் சாசனத்திலேயே இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பாடுவார்க்குப் பின் பாடுவார் யார் என்பதையும் இன்றே எண்ணுக. ஓதுவாரிடம் ஊர்ச் சிறுவரும் சிறுமியரும் மாலையில் ஒரு நாழிகை பண்ணோடு பதிகம் பயில ஏற்பாடு செய்க. எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணியை நினைந்து, பெண்மக்களை இதினின்றும் ஒதுக்காதொழிக.

நான்காவது, கணக்கு ஊரறிய இருக்க. சோழன் மரக்காலின் பெயரையும் கல்லில் வெட்டினான். கோயிற் சுவரில் ஒரு பலகையில் மாதந்தோறும் வரவும் செலவும் எழுதினால் எவர்மேலும் பழி விழாது. கொடுப்பார் கையும் சுருங்காது. வாசி பிடிபடாத காசாக அது குறித்த நாளில் பாடுவார் கைக்குச் சேர்க.

இவை செய்தற்கு அரசு உதவியை மறுக்கவேண்டுவதில்லை. கிடைப்பதைப் பெறுக, நல வாரியத்தில் பெயர் பதிவுசெய்யக் கூத்தர்க்கும் மேளக்காரர்க்கும் படித்த இளைஞர் துணைபுரிக. அரசு, திருமடம், ஊர் என்னும் மூன்று கருவூலங்களுள் ஒன்று வற்றினும் மற்றிரண்டு சுரக்குமாறு அமைப்பதே பாணபத்திரர் வரலாறு கற்பித்த பாடம்.

கொங்குநாட்டுத் திருச்செங்கோட்டில் சம்பந்தர் தங்கியிருந்தபோது அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் வாட்டியது. அப்போது அவர் திருநீலகண்டப் பதிகம் பாட, அடியார் நோய் நீங்கிற்று என்பது இந்நாட்டார் அறிந்த வரலாறு. இடர் வந்தபோது சைவம் பாட்டை நிறுத்தவில்லை; பாட்டையே மருந்தாகக் கொண்டது. அம்மருந்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்து தரும் கைகள் பட்டினி கிடத்தல் ஆகாது.

குடமுழுக்கில் ஊற்றிய நீர் கலசத்தின் வழியே இறங்கி இறைவன் திருமேனியைச் சேர்கின்றது. ஊரார் கொடையும் கோபுரத்தின் உச்சியில் நின்றுவிடாது, அர்த்தமண்டபத்தின் வாயிலில் தாளம் ஏந்தி நிற்பார் இல்லம்வரை இறங்கிச் சேர்க. நாற்பத்தொன்பதாம் நாளும், அதற்குப் பின்வரும் எந்நாளும், காலைச் சந்தியில் இத்திருக்கோயிலில் பண்ணிசை ஒலிக்குமாறு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் கூட்டுவிப்பானாக.

திருச்சிற்றம்பலம்.